தேங்காய் நார் போட்ட குளம்

நெய்வேலி
17-5-1984

மதிப்புக்குரிய மச்சான் நல்லசாமி அவர்களுக்கு, மருதாசலம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் தங்கை சுப்புலட்சுமியும் உடம்பளவில் சௌக்கியம். மனசைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். அக்காவிடம் படித்துக் காட்டும்போது அதை மட்டும் விட்டுவிடவும்.

அனல் மின் நிலையத்துச் சாம்பல் கரைத்த தண்ணீரைத் தேக்க இங்கே புதிதாக ஒரு குளம் வெட்டியிருக்கிறோம். அந்தத் தண்ணீர் பூமிக்குள் இறங்கினால் பக்கத்துக் கிணறுகள் கெட்டுவிடும் என்று அடியில் களிமண் பரப்பி ரோலர் ஓட்டினோம். வெயிலில் அது விரல் நுழையும் அளவுக்கு வெடித்துவிட்டது. இன்ஜினியர் சோமசுந்தரம் சார் தலையில் கைவைத்து நின்றபோது நான் சும்மா இருந்திருக்கலாம். “நம்ம பக்கம் செவுத்து மண்ணுல வைக்கோலு போட்டு மிதிப்பமுங்க. இதுல தேங்கா நாரு போட்டா என்னங்க?” என்று வாயை விட்டேன். “சரி, நீரே பொறுப்பு” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் திரும்பவில்லை.

நான் கேட்டதும் உங்கள் நார்க் களத்திலிருந்து நீங்கள் அனுப்பிய நாரை நீளமாகவே போட்டது என் புத்தி. அது மண்ணோடு சேராமல் உருண்டை உருண்டையாகத் திரண்டு, ரோலர் ஏறியதும் உருளையைச் சுற்றிக்கொண்டது. ரோலர் ஓட்டும் கலியன் இறங்கிப் பார்த்து, “சுத்திக்கினே வருதுங்க. இன்னும் ரெண்டு நடை ஓட்டுனா இது உரிக்காத தேங்கா மாரி ஆயிடும்” என்றார். சரி என்று எல்லாவற்றையும் விரல் நீளத்துக்கு வெட்டச் சொன்னேன். வெட்டிய நாரைக் காற்று வாரிக்கொண்டு போய், கேண்டீன் சாம்பாரில் நார் கிடந்ததாக மைன்ஸ் முழுக்கப் பேச்சு. எப்படியோ கலந்து, இறுக்கி முடித்தோம். அப்போது கரைக்கு அந்தப் பக்கத்து நிலத்துக்காரி செங்கமலம் வந்தார். “எங்க கெணறு அதோ இருக்குதுங்க. தேங்கா நாரு போட்டா தண்ணி நிக்கும்னு சொல்றாங்களே, நெசமாங்க?” என்று கேட்டார். “நிக்குமுங்க” என்றேன். சொன்ன பிறகு, எங்காவது வெடிப்பு தெரிகிறதா என்று குளத்தை இன்னொரு முறை சுற்றி வந்து பார்த்தேன்.

நாளைக் காலை தண்ணீர் விடுகிறார்கள். ஒழுகினால் வேலையும் போகும், குவார்ட்டர்ஸும் போகும், அந்த அம்மாள் முகத்திலும் விழிக்க முடியாது. ஆகவே உங்கள் களத்தோரத்து அறையைக் காலி செய்து வைக்கவும். நார் அடிக்கும் வேலையாவது கொடுக்கவும்.

அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி. நம் எல்லோர் காலடியிலும் மண் கெட்டியாக இருக்க மருதமலையான் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
மருதாசலம்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிட்டது. குளம் நிற்கிறது, எங்கும் கசிவு இல்லை. செங்கமலம் தன் கிணற்றிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தார், குடித்தேன். அடுத்த குளத்துக்கும் நார்தான் என்று சார் சொல்லிவிட்டார். அறையைக் காலி செய்ய வேண்டாம். ஆனால் குளம் நின்றதை வீட்டில் சொல்ல மறந்துவிட்டேன். சுப்புலட்சுமி நான் எழுதி வைத்ததைப் படித்துவிட்டு, “குவார்ட்டர்ஸ விட்டு அவிய வெளிய போகச் சொல்றதுக்கு முன்ன நானே போயிடறனுங்க” என்று இன்று காலை நான் டூட்டியில் இருக்கும்போது பக்கத்து வீட்டில் சொல்லி, இந்தக் கடிதத்தையும் அங்கேயே கொடுத்துவிட்டு, பாத்திர பண்டத்தோடு பஸ் ஏறிவிட்டாள். அங்கே வந்து சேர்ந்ததும் திருப்பி அனுப்பவும். குவார்ட்டர்ஸ் சாவி அவளிடம்தான் இருக்கிறது.