நீலமுடிப் பையனுக்கு வயது ஐம்பத்து நான்கு

உலகத்திலேயே அதிகத் தடவை செத்துப் பிழைத்தவர் யார் என்று உங்களை யாராவது கேட்டால், யோசிக்காமல் சேலையூரைக் கை காட்டுங்கள். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது தெருவில், ஓர் அடுக்குமாடி வீட்டின் இரண்டாவது மாடியில் அவர் இருக்கிறார். வாள் குத்து, மலைச்சரிவு, ராட்சத மீனின் வயிறு, ஒரு தடவை நிலாவே தலையில் விழுந்தது என்று அவர் பார்க்காத சாவு கிடையாது. செத்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

அலறல் அக்கா என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஜப்பான் கார்ட்டூன்களான அனிமே தொடர்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பவர். செங்குத்தாக நிற்கும் நீலமுடியோடு, வாரம் ஒரு முறை உலகத்தைக் காப்பாற்றும் பத்து வயதுப் பையன் ஒருவனுக்குப் பன்னிரண்டு வருடங்களாக அவர்தான் குரல். சிறுவனுக்கு எதற்குப் பெண் குரல் என்று கேட்காதீர்கள். நிஜச் சிறுவனைப் பேச வைத்தால் தொடர் பாதியில் இருக்கும்போதே அவன் குரல் உடைந்துவிடும்.

"பன்னெண்டு வருஷமா அவனுக்குப் பத்து வயசு, ரைட்டரே. நடுவுல எனக்கு மாசக் கணக்கே நின்னு போச்சு. அவனுக்கு இன்னும் மீசை முளைக்கல" என்பார்.

ரைட்டர் என்பது நான். கீழ்க்கட்டளையில் டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்த டப்பிங் ஸ்டுடியோவில் வசனம் எழுதச் சேர்ந்திருந்தேன். முதல் நாள், என் இலக்கியத் தாகத்தையெல்லாம் கொட்டி, "என் ஆழ்மனத்தின் இருளை நீ அறியமாட்டாய்" என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவன் வாய் ரெண்டே ரெண்டு தடவைதான் தொறக்குது. இதுல ஆழ்மனசு எங்க நுழையும்? 'போடா'ன்னு எழுதுங்க."

'போடா' கச்சிதமாகப் பொருந்தியது. அன்றோடு என் இலக்கிய வாழ்க்கை முடிந்து, பிழைப்பு தொடங்கியது.

அலறல் அக்கா என்ற பட்டம் வந்த கதை தனி. அவர் வீட்டுக்குக் கீழே புதிதாக ஒரு குடும்பம் குடிவந்தது. வந்த மூன்றாம் நாள், பட்டப்பகலில், மேல்வீட்டிலிருந்து "என்னைக் கொன்னாலும் சொல்ல மாட்டேன்!" என்று ஒரு சிறுவன் கதறும் சத்தம். அந்த வீட்டம்மா நடுங்கிப்போய் போலீசுக்குப் போன் செய்துவிட்டார். இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்து கதவைத் தட்டினார்கள். கையில் வெந்நீர் பிளாஸ்கோடு அக்கா கதவைத் திறந்தார்.

"பையன் எங்கம்மா?"

"நான்தான் சார்" என்றார் அக்கா, பையன் குரலில்.

விளக்கி முடிக்க அரை மணி நேரம் ஆனது. போகும்போது ஒரு கான்ஸ்டபிள் தயங்கித் தயங்கித் திரும்பி வந்து, தன் மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்தை நீலமுடிப் பையன் குரலில் செல்போனில் பதிவு செய்து வாங்கிக்கொண்டு போனார். அன்று மாலை வாட்ச்மேன் பட்டத்தைச் சூட்டிவிட்டார்.

அதன்பிறகு வீட்டில் பயிற்சி இல்லை. ஸ்கூட்டரில்தான், ஹெல்மெட்டுக்குள். நானும் சேலையூர்க்காரன் என்பதால் தினமும் பின்னால் உட்கார்ந்து போவேன். ஒருநாள் மேடவாக்கம் சிக்னலில் சிவப்பு விழுந்த நேரம், அக்கா உச்சக்கட்டக் காட்சியில் இருந்தார். "உன் வம்சத்தையே அழிக்காம விட மாட்டேன்டா!"

பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாக்கா, சொம்மா நின்னுகினு கீறவனைப் பார்த்து வம்சத்தை இஸ்குற? நான் இன்னா பண்ணேன்?"

அக்கா ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார். "உன்னை இல்லப்பா. நான் ஒரு அரக்கன்கிட்ட பேசிட்டிருக்கேன்."

ஆட்டோக்காரர் பின்னால் இருந்த என்னை மேலும் கீழும் பார்த்தார். "வூட்டுக்காரரை அப்டி சொல்லாதக்கா. ஆளு பாவமாத்தான் கீறாரு."

ஆட்டோவுக்குள் இருந்த ஏழு பேரும் எனக்காக 'உச்' கொட்டினார்கள். பச்சை விழும் வரை நான் மேம்பாலத் தூண்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அனிமே என்றாலே கண்ணில் நட்சத்திரம் மின்னப் பேசுகிறவர்களை அக்காவுக்குப் பிடிக்காது. "கலையும் இல்ல, கிலையும் இல்ல. குத்து வாங்கினா 'உக்', விழுந்தா 'அக்', எந்திரிச்சா 'ம்ம்ம்'. நாள் முழுக்க இதைச் சொல்லிட்டு வீட்டுக்குப் போனா, குழம்பு எப்படி இருக்குன்னு கேக்கிற மாமியாருக்கும் 'ம்ம்ம்'தான் வருது" என்பார். மைக் முன்னால் அவர் வேலை செய்வதைப் பார்த்தால் அது புரியும். ஏசி சத்தம் பதிவாகும் என்று அணைத்துவிடுவார்கள். விமானம் மேலே போனால் நிறுத்த வேண்டும். வளையல் கூடாது, மொடமொட காட்டன் புடவை கூடாது. நூடுல்ஸ் உறிஞ்சும் காட்சிக்குத் தன் புறங்கையையே உறிஞ்சுவார். எதிரே பேச ஆள் கிடையாது. அரக்கனுக்குக் குரல் கொடுப்பவரை அவர் ஆறு வருடங்களாகச் சந்தித்ததே இல்லை. உலகப்போரே தனித்தனி நாளில்தான் நடந்தது.

இவ்வளவுக்கும் பிறகு பெயர் மட்டும் வராது. தொடரின் முடிவில் ஜப்பானில் கோடு வரைந்தவர் முதல் வண்ணம் பூசியவர் வரை எல்லோர் பெயரும் ஓடும். தமிழில் பேசியவர், எழுதியவர் என்று ஒரு வரி இருக்காது. கேட்டால் மேனேஜர், "இவங்கதான் அந்தக் குரல்னு தெரிஞ்சா குழந்தைங்களுக்கு மாயம் கலைஞ்சிடும், அக்கா. நாம எல்லாம் ஒரே குடும்பம்தானே?" என்பார்.

"மேனேஜர் குடும்பம்னு சொல்ற அன்னைக்கு நம்மகிட்டேயிருந்து எதையோ பிடுங்கப் போறாங்கன்னு அர்த்தம்" என்பது அக்காவின் பொன்மொழி.

பிடுங்கினார்கள். நீலமுடிப் பையன் கதை திரைப்படமாக வந்தது. தமிழில் அவனுக்குக் குரல் கொடுக்க, யூடியூபில் முகம் பிரபலமான ஓர் இளைஞரைப் போட்டார்கள். போஸ்டரில் பையனைவிட அவர் பெரிதாக இருந்தார். அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. மேடவாக்கம் பஸ் ஸ்டாப்பில் போஸ்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ஸ்கூட்டரை ஓரங்கட்டி முழுவதையும் படித்தார். "தலைமுடி கலரு சரியா வரல" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

இரண்டு வாரம் கழித்து மேனேஜர் போன். இளைஞர் வசனத்தைப் பேசிவிட்டாராம். அலறல்தான் வரவில்லையாம். மூன்றாவது அலறலில் தொண்டை கட்டிக்கொண்டு தேன் குடித்துக்கொண்டிருக்கிறாராம்.

"அலறல் மட்டும் நீங்க வந்து குடுத்துடுங்க, அக்கா. அப்படியே சந்தைக் காட்சியில கும்பல் சத்தமும். நாமெல்லாம் குடும்பம்..."

எனக்குக் கோபம் தாங்கவில்லை. "போகாதீங்க அக்கா. வேற ஆளைத் தேடிக்கட்டும்."

அவர் ஸ்கூட்டரைச் செம்பாக்கம் தாண்டி ஓட்டினார். பிறகு, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மெதுவாக வந்தது குரல். "அவன் அம்மா சாகிற இடத்துல ஒரு அலறல் இருக்கு, ரைட்டரே. வசனத்தை யார் வேணா பேசட்டும். அதைக் கொண்டுபோய் அந்தப் புள்ள இருமி வெச்சிடும். என் பையனுக்கு நான் அப்படி விட முடியாது."

என் பையன் என்று அவர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அன்று அந்த அலறலை ஒரே டேக்கில் கொடுத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூலையில் தேன் பாட்டிலோடு உட்கார்ந்திருந்த இளைஞர் எழுந்து உள்ளே போய், "இது உங்க வேலைன்னு எனக்குத் தெரியாதுக்கா, சாரி" என்று நின்றார்.

"நீ நல்லாத்தான் பேசற. மூக்கால மட்டும் பேசாத" என்று அவர் தோளைத் தட்டினார் அக்கா.

பிறகு சந்தைக் காட்சி. கும்பல் பேச்சுக்கு வசனம் எழுதுவதில்லை. ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். மேனேஜர் வெளியே போனில் இருந்தார். அக்கா இரண்டு குரல்களில் ஆரம்பித்தார்.

"கத்தரிக்கா எவ்ளோம்மா?"

"கத்தரிக்கா கெடக்கட்டும். அதோ போறானே நீலமுடி, அவனுக்குப் பன்னெண்டு வருஷமா குரல் குடுக்கிறது யார் தெரியுமா?"

"யாருடி?"

அக்கா தன் முழுப்பெயரைச் சொன்னார். சேலையூர் என்பதையும் சேர்த்துச் சொன்னார். வாங்க வந்தவள் விடவில்லை. "அப்ப வசனம்?" விற்பவள் என் பெயரைச் சொன்னாள். அரக்கனுக்குப் பேசியவர், இளவரசிக்குப் பேசியவர், இன்ஜினியர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் கத்தரிக்காய்க் கடையில் பெயர் வாசித்தார்கள். இன்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பதிவு ஓடிக்கொண்டே இருந்தது.

படம் வெளியான முதல் நாள் தாம்பரத்தில் ஒரு தியேட்டரில் நாங்கள் இருவரும் டிக்கெட் எடுத்துப் போய்ப் பார்த்தோம். கல்லூரிப் பிள்ளைகள் நீல விக் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். இளைஞர் பேசப் பேச அரங்கம் நெளிந்தது. அம்மா சாகும் காட்சியில் அந்த அலறல் வந்ததும் நெளிந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்புறம் விசிலில் கூரை பறந்தது. அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் கத்தரிக்காய் வியாபாரம் அம்பலமானது. மும்பைத் தலைமை அலுவலகத்தில் தமிழ் தெரிந்த யாரோ கேட்டுவிட்டார்கள். மேனேஜர் எங்களை நிற்க வைத்துக் கத்தினார்.

"யார் வேலை இது?"

"என் வேலைதான் சார்" என்றார் அக்கா. "பேரைப் போட மாட்டோம்னுதானே சொன்னீங்க? பேசக் கூடாதுன்னு சொல்லலையே."

நான் பிறவிக் கோழை. அன்று என்னவோ, "நானும் கேட்டுக்கிட்டுத்தான் சார் இருந்தேன்" என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரையும் வர வேண்டாம் என்றார்கள். குடும்பத்திலிருந்து விலக்கப்பட்டோம்.

வேலையில்லாத மூன்றாவது வாரம், மூச்சுக்கு நல்லது என்று சொல்லி என்னையும் இழுத்துக்கொண்டு அக்கா திருநீர்மலைப் படி ஏறினார். பாதிப் படியில் ஒரு குரங்கு வந்து அவர் பையைப் பிடித்து இழுத்தது. அதில் பிளாஸ்க் இருந்தது.

"டேய்! உன் வம்சத்தையே அழிச்சிடுவேன்டா!"

குரங்கு பையை வைத்துவிட்டு வணக்கம் சொல்லாத குறையாக ஓடியது. மேலே போய்க்கொண்டிருந்த நான்கு கல்லூரிப் பையன்கள் அப்படியே நின்றார்கள்.

"மச்சான், அவன்டா!"

"எவன்டா?"

"நீலமுடிடா!"

நாலு பேரும் தடதடவென்று இறங்கி வந்தார்கள். ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான். "ஆன்ட்டி, அந்தக் கத்தரிக்கா சீன்ல சொல்ற பேரு உங்களோடதா? நெட்ல வந்த அந்தத் துண்டை மட்டும் நாங்க ஐம்பது தடவை போட்டுக் கேட்டோம். அஞ்சாங்கிளாஸ்லேர்ந்து உங்களைக் கேட்டுத்தான் வளர்ந்தோம் ஆன்ட்டி. சீரிஸ்ல இப்ப யாரோ பேசுறாங்க, பார்க்கவே முடியல."

எதற்கும் ஒரு குத்தல் பதில் வைத்திருக்கும் அக்கா, அன்று படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பையன்கள் கேட்டுக்கொண்டதற்காக, முதல் பாகத்தில் அவன் சொன்ன முதல் வசனத்தைச் சொன்னார். நாலு தடிப்பையன்கள் கண்ணைக் கசக்கினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்தப் பையன்கள்தான் நடத்தினார்கள். எல்லா இடத்திலும் எழுதினார்கள், எழுதியவர்களைப் பார்த்து இன்னும் பலர் எழுதினார்கள். தமிழ்ப் பெயர்களைப் போடச் சொல்லி மும்பையே உத்தரவு போட்டது. மேனேஜர் போன் செய்தார். "அக்கா, நம்ம குடும்பம்..."

"வரேன் சார். ரைட்டரும் வருவார். குடும்பம்னு மட்டும் சொல்லாதீங்க."

அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. "தெரிஞ்சுக்கணும்னா தொடரைக் கடைசி வரைக்கும் பார்க்கச் சொல்லுங்க" என்பது அவர் உத்தரவு.

பெயர் வந்த முதல் பாகத்தை எங்கள் வீட்டில்தான் பார்த்தோம். என் மனைவி பஜ்ஜி போட்டாள். அக்கா எண்ணெய்ப் பண்டம் தொடமாட்டார், அன்று நான்கு தின்றார். கதை முடிந்து கறுப்புத் திரையில் தமிழ்ப் பெயர்கள் வந்தன. உடனே அதன்மேல், 'அடுத்த பாகம் ஐந்து வினாடியில்' என்று ஒரு கட்டம் வந்து உட்கார்ந்தது. "பார்த்தீங்களா, பேரு போட்டும் மூடிட்டானுங்க" என்று அக்கா சிரித்தார். என் ஒன்பது வயது மகள் பாய்ந்து ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, இதுல எது நீங்க?"

மேலிருந்து முதல் பெயர் அவருடையது. இரண்டு எழுத்துப் பிழையோடு இருந்தது. அக்கா விரலை அங்கே கொண்டுபோகவில்லை. கீழே, கடைசி வரியில் வைத்தார்.

"முதல்ல உங்க அப்பா பேரைச் சத்தமா படி. அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேக்கணும்."

மகள் படித்தாள். அவள் போட்ட சத்தம் போதவில்லை என்று அக்காவும் ஒரு தடவை படித்தார்.