சேற்றில் மாப்பிள்ளை பார்த்தது

கட்டுக்கலை,
கண்டி.
திங்கட்கிழமை

கலகெதரையில் பலசரக்குக் கடை வைத்து ஊருக்கெல்லாம் நல்லது செய்வதாகப் பெயர் எடுத்திருக்கும் மரியாதைக்குரிய மச்சான் தியாகராஜா அவர்களுக்கு, சண்முகநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் இடுப்பு, முழங்கால், மானம் இம்மூன்றும் நீங்கலாக மற்ற யாவும் சுகம். அக்காவும் நீங்களும் குறைவில்லாமல் இருக்கக் கதிர்காமத்தானை வேண்டுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பருப்பு நிறுப்பீர்கள், என் கதையைக் கடைக்கு வந்தவன் போனவன் எல்லாம் கேட்பான். அதனால்தான் கடிதம்.

நீங்கள் கொண்டுவந்த சம்பந்தத்தைப் பற்றித்தான். பாலாம்பிகைக்கு முப்பத்து நாலு முடிந்துவிட்டது என்பதை நீங்கள் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, அதைத் தெருவே செய்கிறது. இதுவரை வந்த இடத்தையெல்லாம் ஒரு காரணம் சொல்லித் தட்டிவிட்டவள், இந்தக் கட்டுகஸ்தோட்டை லெட்சுமணன் படத்தைப் பார்த்து, போனிலும் ரெண்டு தடவை பேசி, "சரிப்பா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இறங்கி வந்தேன். இல்லாவிட்டால் கராஜ் வைத்திருக்கிற பையனுக்கும் மாநகர சபையில் முப்பது வருசம் கிளாக்கராக இருந்த எனக்கும் என்ன சம்பந்தம்? அந்தப் பையன் என்ன சொன்னான் தெரியுமா? வீட்டில் உட்கார்ந்து வடை சாப்பிட்டால் மனுசனைத் தெரிந்துகொள்ள முடியாதாம், அவனுடைய ஜீப் கிளப் சனி ஞாயிறு பன்வில பக்கம் மலையேறிக் கூடாரம் போடப் போகிறதாம், நானும் வரவேண்டுமாம். நல்லதுதானே, ரெண்டு நாள் கூடவே இருந்து சோதித்துவிடலாம் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை பார்க்கப் போகிறவன் வெறுங்கையோடு போவானா? பட்டு வேட்டி, சந்தனப் பொட்டு, தட்டிலே வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், என் வீட்டுக்காரி அன்னலட்சுமி விடியற்காலையில் எழுந்து பிடித்த லட்டு. பையன் வீட்டுப் பெரியவர்கள் நாலு பேராவது இருப்பார்கள் என்று நம்பினேன். அவன் கராஜ் வாசலுக்குப் போனால் பத்துப் பன்னிரண்டு ஜீப், அத்தனையிலும் அரைக்காற்சட்டை போட்ட குடும்பஸ்தர்கள். தலைவர் அலவத்துகொட பாரூக் என்று ஒருவர், இரும்புக்கடை முதலாளி, எல்லாரும் அண்ணன் முறை வைத்து நானா நானா என்கிறார்கள். மரியாதையான மனுசர்தான். ரெண்டு கையாலும் தட்டை வாங்கி, நன்றி சொல்லி, அப்படியே திரும்பி ஜீப் ஜீப்பாகப் பங்கு வைத்துவிட்டார். சம்பந்தம் பேசக் கொண்டுபோன லட்டை ஒரு நிமிசத்தில் தின்றுவிட்டு எஞ்சினை முறுக்குகிறார்கள். மணி பார்க்கிறேன், ஒன்பது. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம் என்று பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். என் மகள் காரியமாக ராகு காலத்தில் நான் கால் எடுத்து வைக்கமாட்டேன் என்று ரோட்டிலேயே நின்றுவிட்டேன். எல்லா எஞ்சினும் அணைந்தது. லெட்சுமணன் என்னைக் கண்டிக்கவுமில்லை, கெஞ்சவுமில்லை. "மாமா சொல்றதும் சரிதான், நாங்க டயருக்குக் காத்து பாக்குறோம்" என்று கூட்டாளிமாரைச் சமாளித்துக்கொண்டான். முதுகெலும்பு இல்லாத பையன் என்று அப்போதே மனசில் குறித்துக்கொண்டேன்.

பன்வில வரைக்கும் அருமையான தார் ரோட்டு மச்சான். ஒரு குலுக்கல் இல்லை. அந்த ரோட்டை விட்டுவிட்டு, வேண்டுமென்றே, காசு கட்டி, தேயிலைக்கு மேலே இருக்கிற சேற்றுக்குள்ளே இறங்குகிறார்கள். குழியை மூடச் சொல்லி வந்த மனுவையெல்லாம் வாங்கி வைத்தே வேலைக்காலத்தை முடித்தவன் நான். இவர்கள் குழி சின்னதாக இருக்கிறதே என்று கவலைப்படுகிறார்கள். முன் ஜீப்பில் பட்டு வேட்டியோடு நான் ஆடி ஆடிப் போகிறதைப் பார்த்துக் கொழுந்து பறிக்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிக்கிறார்கள். ஒருத்தி, "என்னாங்க ஐயா, சாமி ஊர்வலமா?" என்று கேட்டே விட்டாள்.

பிறகு மழை. அதன் பிறகு ஓடை. ஓடை என்று அவர்கள் சொன்னார்கள், நான் பார்த்தது மகாவலிக்குத் தம்பி. பாரூக் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "பெரியவர், கொஞ்சம் முந்தி வந்திருந்தா முழங்காலளவுதான் இருந்திருக்கும்" என்றார். அத்தனை பேரும் மழையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். நானா மழை பெய்தேன்? நடு ஓடையில் எங்கள் ஜீப் நின்றது. தண்ணீர் மடிவரை வந்தது. லெட்சுமணன் குதித்து, கேட்காமல் கொள்ளாமல் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தான். பெண்ணின் கையைப் பிடிக்க வேண்டியவன் பெண்ணைப் பெற்றவனின் தொடையைப் பிடிக்கிறான், இது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது? பாதி வழியில் வேட்டி தண்ணீரோடு போய்விட்டது. கரையில் அவனுடைய அரைக்காற்சட்டையை எனக்குப் போட்டுவிட்டார்கள். படமும் எடுத்திருக்கிறார்கள். கிளப் வட்ஸ்அப்பில் நான் ஓடுகிறேனாம்.

சாயந்தரம் கூடாரம் போட்டார்கள். பையன் ரொட்டி சுட்டான், சம்பல் இடித்தான், எனக்குப் பால் விடாத பிளேன்டி ஊற்றிக் கொடுத்தான், தன் கூடாரத்தையும் எனக்கே விட்டுவிட்டு ஜீப் சீட்டில் படுக்கப் போனான். அடுப்படி வேலையெல்லாம் தெரிந்த ஆம்பிளையை வைத்துக்கொண்டு பாலா என்ன செய்வாள், வேடிக்கையா பார்ப்பாள்? சரி, சோதிக்கத்தானே வந்தோம் என்று நெருப்பைச் சுற்றி எல்லாரும் இருக்கிற நேரம் பார்த்துக் கேட்டேன். வருமானம் என்ன, எதுவரை படித்தாய், வீடு யார் பெயரில். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். கடைசியில் நான் சொன்னேன், "தம்பி, தப்பா எடுக்காதீங்க, எங்க வீட்டுக்கு மெக்கானிக்கு வந்தா பின்வாசல் பக்கமாத்தான் வருவாரு." பாரூக் எழுந்து விறகு எடுக்கப் போனார். லெட்சுமணன் அந்த நேரம் என் கெண்டைக்காலில் அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தான். "சரிங்க மாமா" என்றான். அடுத்த அட்டைக்கு உப்பு வைத்தான். ரோஷம் இருக்கிற பையன் என்றால் எழுந்து போயிருக்க வேண்டாமா மச்சான்?

நேற்று இரவு வீட்டில் சாப்பிட உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பின்வாசல் கதையையும் சொன்னேன். அன்னலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். பாலா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அவரு என்னா சொன்னாருன்னு. சரிங்க மாமான்னாரு, உப்பு வச்சுக்கிட்டு இருந்தாரு என்றேன். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள். ஆகையால் தீர யோசித்து என் முடிவை எழுதுகிறேன்: இந்த இடம் நமக்குச் சரிவராது. மரியாதையாக, ஜாதகம் பொருந்தவில்லை என்றோ வேறு எதையோ சொல்லி முடித்துவிடுங்கள். இனிமேல் இடம் பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிற பையனாகப் பாருங்கள்.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் படித்து முன்னுக்கு வர என் ஆசிகள். உங்கள் கடையும் கொடுக்கிற கையும் மேலும் பெருகட்டும்.

இப்படிக்கு,
நடக்க முடியாத நிலையிலும் தங்கள் மேல் பாசம் குறையாத
க. சண்முகநாதன்

பி.கு. உறையை ஒட்டப் போகிற நேரம் பாலா பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்தாள். மாமாவுக்கு எழுதிவிட்டேன், அந்த இடம் வேண்டாம் என்று சொன்னேன். "நான் நேத்து ராத்திரியே அவருக்குப் பேசி வேணாம்னு சொல்லிட்டேம்ப்பா" என்றாள். சந்தோசமாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். என் மகளல்லவா என்று நினைத்தேன். ஏன்மா, அப்பாவை அவமானப்படுத்தினதுக்கா என்று கேட்டேன். "அவரு நல்லவருப்பா. அதுனாலதான்" என்றாள்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள். அழவில்லை மச்சான். அழுதிருந்தால் அதட்டியிருப்பேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

மேலே எழுதினதை விடுங்கள். நாளைக்கே கடையைப் பூட்டிவிட்டுக் கட்டுகஸ்தோட்டைக்குப் போய் அந்தப் பிள்ளையைப் பாருங்கள். பாலாவைக் கட்டிக்கொண்டு அவர்கள் எங்கே வேண்டுமென்றாலும் இருக்கட்டும், பின்வாசல் வைத்திருக்கிற இந்த வீட்டுக்கு வரவேண்டியதில்லை என்று சொல்லுங்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.