கம்பி சாரின் நடுக்கோடு

ஐம்பத்தேழு வயதில் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொண்ட மனிதர் தி.நகரிலேயே, ஏன், இந்தியாவிலேயே எங்கள் கம்பி சார் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். இன்சூரன்ஸ் ஆபீஸில் அவருக்கு எதிர் நாற்காலி என்னுடையது. அந்த வாயைத் தினமும் எட்டு மணி நேரம் பார்க்கும் பாக்கியம் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

முன்பல் இரண்டும் இடப்பக்கமாக ஒதுங்கியிருந்தன. கல்யாண ஆல்பம் தொடங்கி ஒரு போட்டோவிலும் அவர் உதட்டைப் பிரித்ததில்லை. ரிடையர்மென்ட் குரூப் போட்டோவிலாவது சிரித்துவிட வேண்டும் என்று ஆசை. டாக்டர் வலப்பக்கம் மட்டும் ஒரு பல்லைப் பிடுங்கினார்.

"ஒரு பக்கம் மட்டுமா?" என்று யாராவது கேட்டால் தொலைந்தார்கள். அலமாரியில் வலப்பக்கத்து ஃபைல் ஒன்றை உருவிவிட்டு, மற்றவற்றை அந்த இடத்துக்கு நகர்த்திக் காட்டுவார். ஒருமுறை கேன்டீன் வரிசையில் மேனேஜரையே உருவிக் காட்டினார். அன்று மேனேஜருக்கு வடை கிடைக்கவில்லை.

காலையில் வந்ததும் மூக்குக்கு நேராக ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு என்னிடம் பல்லைக் காட்டுவார். முன்பல் இரண்டுக்கும் இடையிலுள்ள நடுக்கோடு ஸ்கேலுக்கு நேராக வந்துவிட்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணாடியை நம்ப மாட்டார். அதில் இடம் வலம் மாறிவிடுமாம்.

"இன்னும் ஒரு நூல் பாக்கி சார்" என்பேன். ஆபீஸே ஃபைலில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கும். கோடு வந்து சேர்ந்த பிறகும் அதையேதான் சொன்னேன். எழுதும்போது கை கூசுகிறது.

ஒருநாள் டாக்டர் கம்பியைக் கழற்றிவிடலாம் என்றிருக்கிறார். இவர் வேண்டாமென்று திரும்பி வந்துவிட்டார்.

"அவர் மாசத்துக்கு ஒரு தரம் பாக்கறார். நீ தினம் பாக்கறே. உனக்குத் தெரியாதா?" என்றார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சுற்றி இருந்தவர்கள் சிரிக்கத் தயாராக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஒரு நூல்தான் சார் பாக்கி" என்றேன்.

குரூப் போட்டோவில் நாங்கள் எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிறோம். நடுவில் மாலையோடு அவர் மட்டும், கம்பி தெரியக் கூடாதென்று, வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார்.

போன மாதம் மேற்கு மாம்பலத்தில் அவர் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனேன். "கம்பி கழட்டின அன்னிக்கு உங்ககிட்டதான் முதல்ல காட்டணும்னு ஆபீசுக்கு வந்தார். நீங்க லீவாமே" என்றார் அவர் மனைவி.

சுவரில் மாலை போட்டிருந்தது அதே போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த படம். மூடிய வாய். அந்த அம்மாள் காபி கொண்டுவர உள்ளே போனதும் அதன் எதிரே போய் நின்றேன்.

"வந்துடுச்சு சார். எப்பவோ வந்துடுச்சு."