விடுதிக்காரர் மகனைக் காணவில்லை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் சொல்லச் சொல்ல எழுதப்படுவது. நீங்களும் என் மகளும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் சுகம்தான். ஒரு நிமிஷம்கூட என்னைச் சுகமில்லாமல் இருக்க விடமாட்டேன் என்கிறார்கள், அதுதான் சந்தேகமாக இருக்கிறது.

பேத்திக்குப் பையன் போட்டோ பிடித்துப்போய்விட்டது, ஆனால் போட்டோவை நம்பிப் பெண்ணைக் கொடுக்க முடியாது, நீங்கள் யாருக்கும் தெரியாமல் போய்ப் பையன் வீட்டைப் பார்த்து வாருங்கள், நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம், வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லி அனுப்பினீர்கள். அதன்படி, மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று வைத்தியர் சொன்னதாக ஒரு பொய்யைச் சொல்லி பையன் வீட்டார் நடத்துகிற இந்த விடுதியிலேயே அறை எடுத்து இன்றோடு நாலு நாள் ஆகிறது. இந்த இடத்தில் எழுதுகிற தம்பி பேனாவை வைத்துவிட்டு என் முகத்தையே பார்க்கிறான். என்னப்பா என்றேன். "பேனா எழுதல ஐயா" என்றான். உதறிவிட்டு எழுது என்றேன். இவனை நினைத்து நீங்கள் பயப்பட வேண்டாம். என் அறைக் குழாய் அடைத்துக்கொண்டது, சரிசெய்ய வந்தவன். "நீ இவங்களுக்குச் சொந்தமா?" என்று முதலிலேயே கேட்டுவிட்டேன். "இங்க வேலை பாக்கறேன் ஐயா" என்றான். கையெல்லாம் துரு. கையெழுத்து எப்படி இருக்கிறதோ, அது உங்கள் பாடு.

விடுதி நூற்றிருபது வருஷத்துக் கட்டடம், இந்தக் குடும்பம் நாலு தலைமுறையாக நடத்துகிறது. வந்து இறங்கியதும் சாவியைக் கொடுத்த விடுதிக்கார அம்மா, "ஐயா, மாடிப்படியில மூணாவது பலகை கத்தும், பயந்துடாதீங்க. வெந்நீர் வர கொஞ்சம் நேரமாகும். ஜன்னல் இறுக்கமா இருக்கும், தோளால ஒரு தள்ளு தள்ளுங்க" என்று மூன்று குறையை அவராகவே சொன்னார். நாற்பது வருஷம் மாட்டுத் தரகு பார்த்தவன் நான். விற்க வருகிறவன் வாலில் மயிர் கொட்டுகிறது என்று தானாகச் சொன்னால் நான் வாலைப் பார்க்க மாட்டேன், குளம்பைத் தூக்கிப் பார்ப்பேன். அன்றைக்கே எல்லாப் படியும் ஏறி இறங்கினேன். மூன்றாவது கத்துகிறது, உண்மைதான். பதினொன்றாவதும் கத்துகிறது. அதை ஏன் சொல்லவில்லை?

முதல் நாள் தலையணை தாழ்வாக இருந்தது, யாரிடமும் மூச்சுவிடாமல் சட்டையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டேன், மறுநாள் கட்டிலில் இரண்டு தலையணை. காலையில் முட்டையின் மஞ்சள் கருவை ஒதுக்கிவைத்தேன், மறுநாள் தட்டில் வெள்ளை மட்டும் வருகிறது. வார் பிய்ந்த செருப்பைக் கதவுக்கு வெளியே விட்டிருந்தேன், போட்டுக்கொள்ளப் போனால் தைத்து வைத்திருக்கிறது. நான் உளவு பார்க்க வந்த இடத்தில் என்னை உளவு பார்க்கிறார்கள், மாப்பிள்ளை. சாப்பிடும் கூடத்தில் விடுதிக்காரரிடமே கேட்டேன்.

"எல்லாருக்கும் இப்படித்தானா, எனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான் ஐயா. ஏதாவது தப்பாயிடுச்சா?"

"ஒரு தப்பும் இல்லையே, அதான் கேக்கறேன்."

அந்த மனிதர் என் எதிரில் உட்கார்ந்திருந்த டீச்சரம்மாவைப் பார்த்தார். இவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், என் பக்கத்து அறை. டீச்சரம்மா தன் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

அந்தக் கூடத்துச் சுவரில் குடும்பத்தார் படம் மூன்று மாட்டியிருக்கிறது. ஒருத்தர் கையில் துடைப்பம், ஒருத்தர் தோளில் ஏணி, மூன்றாவதில் இப்போதைய விடுதிக்காரரே சின்ன வயசில் வாளியோடு நிற்கிறார். நாலாவதாக ஆணி மட்டும் இருக்கிறது, படம் இல்லை. முதலாளி என்று இருப்பவன் நாற்காலி போட்டு உட்கார்ந்து படம் எடுப்பானா, துடைப்பத்தோடு எடுப்பானா? வேலைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து நிஜ முதலாளியைத் துரத்திவிட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டார்களோ என்று எனக்குப் பட்டது. எழுதுகிற தம்பியைக் கேட்டேன். "அது இந்த வீட்டு வழக்கம் ஐயா. பொறுப்பு எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் பெருக்கறதுல இருந்து எல்லா வேலையும் செய்யணும். அந்த வருஷம் முதலாளி மகன்னு தங்க வர்றவங்ககிட்ட சொல்லிக்கக் கூடாது. சொன்னா அவங்க குறையை நேரா சொல்ல மாட்டாங்க" என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததாலேயே நான் நம்பவில்லை.

இனி முக்கியமான விஷயம். நாலு நாளாகப் பையனைக் கண்ணில் காட்டவில்லை. உங்களுக்கு ஒரு பிள்ளை இருக்கிறானாமே, எங்கே என்று விடுதிக்காரரைக் கேட்டால் "வேலையா இருக்கான்" என்கிறார். அந்த அம்மாவைக் கேட்டால் "இங்கதான் எங்கயாவது இருப்பான்" என்கிறார். ஒரு பிள்ளைக்கு இரண்டு பதில். கால் விந்துகிறானோ, தண்ணி போடுகிறானோ, பகல் முழுக்கப் போர்த்திக்கொண்டு தூங்குகிற சோம்பேறியோ, யார் கண்டது? சரி, வேலை பார்க்கிறவனுக்குத் தெரியாமல் இருக்காது என்று இந்தத் தம்பியையே பிடித்துக் கேட்டேன்.

"பையனைப் பார்த்திருக்கியா?"

"பார்த்திருக்கேன் ஐயா."

"ஆள் எப்படி?"

"சுமார்தான்."

"குடிப்பானா?"

"இல்ல."

"கோபம் வருமா?"

"குழாய் அடைச்சுக்கிட்டா வரும்."

"வேலையாவது ஒழுங்கா தெரியுமா?"

"இன்னும் கத்துக்கிட்டுத்தான் இருக்கான்."

சோறு போடுகிற முதலாளியின் மகனை வேலைக்காரன் கொஞ்சம் ஏற்றித்தான் சொல்லுவான். இவனே சுமார் என்கிறான் என்றால் நிஜத்தில் எவ்வளவு மோசமாக இருப்பான், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணில் காட்டாத மாட்டை நான் யாருக்கும் பிடித்துக் கொடுத்ததில்லை. ஆகையால் இந்த இடம் நமக்கு வேண்டாம். பேத்தி அழுவாள், அழட்டும், இப்போது அழுதால் ஒரு வாரத்தோடு போகும். இதைச் சொல்லும்போது தம்பியின் கை மெதுவாகப் போகிறது, வலிக்கிறதோ என்னவோ.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் ஐயா."

"வேண்டாம்னு தெளிவா விழுந்திருக்கா?"

"தெளிவா விழுந்திருக்கு."

என் மகள் குளிர்ந்த நீரில் குளிக்க வேண்டாம். நீங்கள் வண்டியை நிதானமாக ஓட்டுங்கள். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: இது ஐயா சொல்லாமல் நான் எழுதுவது, மன்னிக்கவும். அவர் தேடுகிற விடுதிக்காரர் மகன் நான்தான். என் வருஷம் முடிய இன்னும் இரண்டு மாதம் இருப்பதால் அவரிடம் வாய் திறக்க முடியவில்லை. அவர்தான் பெண்ணுடைய தாத்தா என்பது இதை எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கும் தெரியும். என்னைப் பற்றிச் சொன்னதில் ஓர் எழுத்தையும் குறைக்கவில்லை. ஒரே ஒரு வரியை மட்டும் எழுதாமல் விட்டேன். அது என் அம்மாவைப் பற்றியது. பதினொன்றாவது படியை இன்றே பார்த்துவிடுகிறேன்.

இன்னொரு பின்குறிப்பு: கையெழுத்து மாறியிருக்கும். சொல்வது மாமனார்தான், எழுதுவது பக்கத்து அறை டீச்சரம்மா. எழுத்து தெரியாதவன் ஒருத்தரை எழுதச் சொன்னால், இன்னொருத்தரைப் படிக்கச் சொல்லிக் கேட்காமல் தபாலில் போட மாட்டான். டீச்சரம்மா முழுவதும் படித்தார், பையன் எனக்குத் தெரியாமல் சேர்த்ததையும் சேர்த்து. போட்டோவில் அவன் கோட்டுக்குள் முழுகிக் கிடந்தாலும் காது வெளியேதான் இருந்தது. ஒரு தரம் பார்த்த காதை நான் மறந்ததில்லை. இரண்டாம் நாளே ஏணிமேல் அந்தக் காதைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் குழாயில் நானே துணியைத் திணித்து அடைத்து, அவனை வரவழைத்து, அவன் கையாலேயே அவனைத் திட்டி எழுத வைத்தேன். தன்னைத் திட்டியதை எல்லாம் அப்படியே எழுதியிருக்கிறான். "வேண்டாம்" என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்தியே எழுதியிருக்கிறான் என்கிறார் டீச்சரம்மா, காகிதம் பின்பக்கம் புடைத்திருக்கிறதாம். அம்மாவைச் சொன்ன வரியைத்தான் அவனால் எழுத முடியவில்லை, விட்டதையும் மறைக்காமல் சொல்லிவிட்டான். அதையும் எழுதியிருந்தால் நிஜமாகவே வேண்டாம் என்றிருப்பேன். மேலே இருப்பதையெல்லாம் அடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் நாளைக்கே சம்மதம் என்று சொல்லி அனுப்புங்கள்.

விட்ட வரி என்ன என்று டீச்சரம்மாவும் துளைத்து எடுக்கிறார். சொல்ல மாட்டேன். நாளைக்குச் சம்பந்தியம்மா என்று கூப்பிட்டு அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியவன் நான்.