பதில் மணி

எனக்குக் கோபம் வந்தால் திரும்பிப் பார்க்க மாட்டேன். அந்தக் குறைக்கான பலனை ஒரே சாயங்காலத்தில் மொத்தமாக அனுபவித்தேன்.

நான் வேலை பார்த்த தங்கச் சுரங்கம் மூடிய பிறகு பெங்களூரில் வாட்ச்மேன் வேலை. தினமும் ரயில். வேலையில் கேட்டைத் தவிர எனக்குத் துணை இல்லை. பேச்சு என்றால் திரும்பும் ரயிலில் கூட வரும் தேசிங்கு, முனிரத்தினம், தாஸ் மூன்று பேர்தான்.

ஈராக் மேல் போருக்குப் போகலாமா என்று நாடுகள் வாதாடிக்கொண்டிருந்த சமயம். தேசிங்கு பேப்பர் பார்த்துச் சொன்னான். அமெரிக்கா போகலாம் என்கிறது, கூட்டாளி பிரான்ஸ் ஒப்பவில்லை.

"கூட்டாளின்னா கூப்ட்டா வரணும். இதுல இன்னா ஓட்டு?" என்றேன்.

அந்த வாரம்தான் ஒரு சீட்டாட்டக் கும்பல் ரயிலில் நாங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தைப் பிடித்தது. எட்டு பேர். பிளாட்பாரத்தில் நின்று பேசினோம்.

"சண்டைதான்," என்றேன்.

"மொதல்ல பேசிப் பாக்கலாம்," என்றான் முனிரத்தினம்.

"இன்னும் ஒரு வாரம் பாரு. தானா போய்டுவாங்க," என்றான் தேசிங்கு.

தாஸ் டீயை ஊதினான். (எதற்கும் ஊதுவான்.)

"நான் முன்னால போறேன். பின்னாலயே வாங்க."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்று எடுத்துக்கொண்டேன்.

சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டுக்கு, அதாவது கேஜுக்கு,  பதினாறு வருஷம் மணி அடித்தவன் நான். கீழிருந்து பதில் மணி வராமல் கேஜ் நகராது. அங்கே ஒரு நாளும் தவறியதில்லை.

பெட்டியில் ஏறி எட்டு பேர் முன்னால் நின்றேன். "ஏந்திருங்க. நாங்க நாலு பேர் வந்திருக்கோம்."

கண்ணாடி போட்டவர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மிச்ச மூணு பேரு எங்க சார்?"

அப்போதுதான் திரும்பினேன். பூக்கூடையோடு ஒரு அம்மா நின்றிருந்தாள்.

அவர் நகர்ந்து இடம் விட்டார். "உக்காருங்க சார், பரவால்ல." உட்கார்ந்தேன். கையில் சீட்டையும் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே மூவரும் வந்தார்கள். நான் எதிரியோடு சீட்டாடுவதைப் பார்த்தார்கள். அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்கள்.

மறுநாள் தேடிப் போனேன்.

"உனக்குத்தான் புதுக் கூட்டாளிங்க கெடச்சிட்டாங்களே," என்றான் தேசிங்கு.

அந்த எட்டு பேரிடம் போக வெட்கம். வேலையை விடும் வரை கதவோரம் நின்றே வந்தேன்.

இதை வீட்டில் சொன்னது அடுத்த தப்பு. இன்றைக்கும் யாரோடாவது சண்டைக்குப் போகச் செருப்பு மாட்டினால், உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி கேட்பாள்.

"பதில் மணி வந்துச்சா?"

திரும்பிப் பார்ப்பேன். பிறகு செருப்பைக் கழற்றிவிடுவேன்.