எங்கள் பல்லும் ஊர்க் கிணறும்

தி. நகர், சென்னை-17
ஞாயிறு இரவு, 1974

மதிப்பிற்குரிய கனகராஜ் அத்தான் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டிவிடாதீர்கள், முக்கியமாக உங்கள் அம்மாவுக்கு. அதற்காகத்தான் உங்கள் அடையாறு ஆபீஸுக்கு அனுப்புகிறேன். எல்லாரும் தூங்கியபின் சமையலறையில் ஒளிந்து எழுதுகிறேன். நாங்கள் அனைவரும் நலம் என்று எழுதவேண்டும், ஆனால் புஷ்பம் அக்கா மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை. இன்று நீங்கள் அவளைப் பெண்பார்க்க வந்தபோது உங்கள் வேட்டியில் வாந்தி எடுத்த தங்கை நான்தான். அத்தான் என்று கூப்பிட எனக்கு இனி உரிமை உண்டா என்று தெரியவில்லை.

நீங்கள் நினைப்பதுபோல் எங்கள் வீட்டுப் பெண்கள் வெற்றிலை போடுவதில்லை. உண்மை என்னவென்றால், அக்காவுக்கும் எனக்கும் பல்லெல்லாம் பழுப்புக் கோடு. முன்பு வந்த வரன்கள் அதனால்தான் தட்டிப்போயின. அப்பாவுக்கும் அதே பல்தான், ஆனால் வெற்றிலைச் சிவப்பில் தெரியாது. நீங்கள் வருவதற்குச் சற்றுமுன் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "ஏட்டி புஷ்பம், நீயும் ரெண்டு போட்டுக்கோ! செவந்துட்டா எவனுக்குத் தெரியும்?" என்றார். "கல்யாணம் ஆவாத பிள்ள வெத்தல போட்டா பாக்குறவுக என்ன நெனப்பாவ?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "நம்ம வீட்டுப் பழக்கம்னு சொல்லுதேன். சின்னவளும் போடட்டும்" என்று என் வாயிலும் ஒன்றைத் திணித்தார். அவசரத்தில் அவர் திணித்தது தமக்கென்று புகையிலை வைத்து மடித்த வெற்றிலை.

நீங்களோ எதைக் கேட்டாலும் மீசைக்குள்ளேயே "ம்" என்றீர்கள். "மாப்பிள்ள வாயே தொறக்கலட்டி, என்ன அடக்கம்!" என்று அப்பா உள்ளே வந்து அம்மாவிடம் பூரித்தார். "மயிலாப்பூர்லயே பொறந்து வளந்த புள்ள" என்று உங்கள் அம்மா சொல்லிக்கொண்டிருந்தபோது நான் முறுக்குத் தட்டை நீட்டினேன். கூடம் சுற்றியது. அப்புறம் நடந்தது உங்கள் வேட்டிக்குத் தெரியும். "குடும்பமே பொகையில போடுதா? சொல்லி அனுப்புறோம்" என்று உங்கள் அம்மா எழுந்துவிட்டார்கள்.

எங்கள் பல் கறை நோய் இல்லை, அத்தான். பூகோள டீச்சர் ஜமீலுன்னிசா சொன்னார்கள்: திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் பூமிக்கடியில் இருக்கும் பாறையிலிருந்து ஃப்ளோரைடு கிணற்றில் கரைகிறது, பல் வளரும் வயதில் அதைக் குடித்தால் கறை விழும். பரம்பரையாக வராது. இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்கு (மன்னிக்கவும்) வராது. ஆனால் அந்தத் தண்ணீர் எவ்வளவு ருசி தெரியுமா? அதே பாறை பொடிந்த செம்மண்ணில் கடலைச் செடியைப் பிடுங்கி, கிணற்றடியில் அலசி, பச்சையாகவே தின்போம். இங்கே கிணற்று உப்புத் தண்ணீரில் பருப்புகூட வேகவில்லை. பல் கெட்டது கெட்டதுதான், ஒரு வாய் அந்தத் தண்ணீர் கிடைக்காதா என்றிருக்கிறது.

அக்காவை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். தங்கள் தாயாருக்கு என் நமஸ்கா... ஐயோ, யாரோ கதவைத் தட்டுகி

பி.கு.: தட்டியது அக்காதான். முழுவதும் படித்துவிட்டாள். கிழித்துப்போடுவாள் என்று பயந்தேன், வாயைப் பொத்தாமல் சிரித்தாள். வேட்டி நனைந்ததும் நீங்கள் "ஐயையோ!" என்று வாயைப் பிளந்தீர்களாம். அப்போது பார்த்துவிட்டாளாம், உங்கள் பல்லிலும் அதே பழுப்புக் கோடு. ஆகவே மேலே கெஞ்சியதெல்லாம் ரத்து. மயிலாப்பூர்த் தண்ணீரில் அந்தக் கறை விழாது, அத்தான். எந்த ஊர்க் கிணறு என்று அக்கா கேட்கிறாள். நேரில் வந்து, வாயைத் திறந்து சொல்லவேண்டுமாம்.