எண்பதைத் தொட்டால் நடுங்கும்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். அதிர்வைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் பராமரிப்புப் பொறியாளராக இருக்கிறேன். மோட்டார், பம்பு, ராட்சத விசிறி என்று சுற்றுகிற எதன் மேலும் ஒரு சின்னக் கருவியை வைத்துப் பார்த்து, இதற்குப் பேரிங் போய்விட்டது, இது அச்சு விலகி நிற்கிறது என்று சொல்வேன். சொன்னால் சரியாக இருக்கும். ஆலையில் ஸ்டெல்லா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 'வைப்ரேஷன் மேடம்' என்றால் கேட் வாட்ச்மேன்கூட வழி சொல்வார்.

அப்பேர்ப்பட்ட நான், சொந்தக் காரின் அதிர்வைக் கண்டுபிடிக்கப் போய், என் கொழுந்தனின் நிச்சயதார்த்தத்தை ஹைவே ஓரமாக நிறுத்தி வைத்தேன். (இதை என் மாமியார் சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது.)

சாம்பல் நிறத்தில் ஒரு பழைய கார். வாங்கி ஒரு வருடம் ஒழுங்காகத்தான் ஓடியது. மழைக்காலம் முடிகிற சமயத்தில் அதற்கு ஒரு வியாதி வந்தது. எழுபது வரை பரம சாது. வேகம் எண்பதைத் தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கும். தொண்ணூறில், பின்னால் வருகிற ஒரு லாரி கண்ணாடியில் இரண்டாகத் தெரியும். நூறை நெருங்கினால், 'நானா ஆடினேன்?' என்பதுபோல் தானாக அடங்கிவிடும்.

என் கணவர் டேனியல் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். நாள் முழுக்க உயரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பதாலோ என்னவோ, அதிகம் பேசமாட்டார். அவர் ஒரே ஒரு தடவை சொன்னார்.

"டயர் கடைல உட்டா அர மணி நேரத்துல பாத்துக் குடுத்துடுவான் ஸ்டெல்லா."

"வைப்ரேஷன் மேடம் ஊட்டு வண்டிய டயர் கடைக்காரர் பாக்கறதா? ஆலைல தெரிஞ்சா என் மானம் இன்னாவறது?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. (மனுஷன் அன்றைக்காவது கொஞ்சம் சத்தம் போட்டிருக்கலாம்.)

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சுக்குப் போகிற வழியெல்லாம் ஆராய்ச்சிதான். ஸ்டியரிங் நடுங்கினால் கோளாறு முன்சக்கரத்தில். உட்காருகிற சீட் நடுங்கினால் பின்சக்கரத்தில். இது பொது விதி. ஸ்டியரிங்கை நான் பார்த்துக்கொள்ளலாம். பின்சீட்டுக்கு ஒரு ஆள் வேண்டுமே? என் மாமியார் ரோசம்மா வேதாகமத்தோடு ஏறி உட்கார்ந்தார். ஆள் கிடைத்துவிட்டது.

"அத்தை, உக்கார்ற எடத்துல அதிருதா, முதுகுல அதிருதா?"

"பல்லுல அதிருதுடி."

"பல்ல உடுங்க அத்தை. சீட்டு ஆடுதா?"

"எங்கேந்து உடறது? செட்டே கயண்டு கைல வந்துச்சு பாரு."

நோட்டில் எழுதிக்கொண்டேன்: 'பின்சீட்டு - பல் வரை.' டேனியல் மடியில் ஒரு எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்து, எந்த வேகத்தில் அலை அடிக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். மூன்று ஞாயிறும் அவர் நனைந்த பேண்ட்டோடுதான் ஜெபம் செய்தார். மூன்று கலர் பேனாவில் ஒரு வரைபடம் போட்டுப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். முடிவு உறுதியானது: முன்பக்கம், இடது சக்கரம்.

(இந்த முடிவு சரி என்பதை நீங்களாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் யாரும் அதைச் சொல்வதேயில்லை.)

முடிவை நிரூபிக்க ஒரு வழி இருந்தது. இடதுபக்கத்து முன்சக்கரத்தைப் பின்னாலும், பின்சக்கரத்தை முன்னாலும் மாற்றிப் போட வேண்டும். நடுக்கம் ஸ்டியரிங்கை விட்டுச் சீட்டுக்குப் போனால், குற்றவாளி அந்தச் சக்கரம்தான். புத்தியுள்ளவர்கள் இதை ஒரு லீவு நாளில் செய்வார்கள். நான் தேர்ந்தெடுத்தது கொழுந்தன் பிரகாஷின் நிச்சயதார்த்த நாளை. காரில் நான்கு பேர், சீர்த் தட்டுகள், பழக்கூடை, நேரான ஹைவே. முழுச் சுமையில் சோதனை செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது வரும்?

பெண் ஜான்சி, பொன்னேரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அவள் அப்பா வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவர். பிரகாஷும் அவளும் பெண் பார்த்த அன்றைக்குப் பேசிக்கொண்டது மொத்தமே மூன்று வார்த்தை. "தண்ணி வேணுமா?" "வேணாங்க." இருவருமே தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்கள். நிச்சயம் பதினோரு மணிக்கு. பாஸ்டர் அதை முடித்துவிட்டு உடனே வேறொரு ஊரில் கல்யாணத்துக்குப் போக வேண்டும். தாமதமே கூடாது என்று பெண்வீட்டில் மூன்று தடவை சொல்லியிருந்தார்கள்.

காலையில் வீடே தலைக்குக் குளித்துக்கொண்டிருக்க, நான் நைட்டியோடு தெருவில் ஜாக்கி போட்டுக்கொண்டிருந்தேன். கழற்றிய முன்சக்கரத்தில் மண் ஒட்டியிருந்தது. விசேஷத்துக்குப் போகிற வண்டியாயிற்றே என்று வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்து மினுக்கினேன். மாற்றி மாட்டினேன். நட்டுகளை முதலில் கையால் திருகிவிட்டு, ஜாக்கியை இறக்கியபின் ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டும். முன்பக்கம் இறுக்கியாயிற்று. பின்பக்கத்துக்கு நகர்ந்தபோது உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது.

"ஏம்மா ஸ்டெல்லா! தட்டு ஒம்போதா, பதினொண்ணா? வந்து எண்ணிட்டுப் போ!"

ஸ்பேனரைக் காம்பவுண்டு சுவர்மேல் வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். தட்டு, பூ, மாமியாருக்குப் புடவைப் பின், பிரகாஷுக்குச் சட்டைப் பொத்தான் என்று ஒரு மணி நேரம் போயிற்று. வெளியே வந்தபோது நான் பட்டுப்புடவை கட்டிய அண்ணியாக மட்டும்தான் வந்தேன். எனக்குள் இருந்த பொறியாளரைக் காணோம்.

ஹைவேயில் ஏறி நாற்பது வருவதற்குள் வண்டி குலுங்க ஆரம்பித்தது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"பாத்தீங்களா! ஸ்டியரிங் ஆடல, பின்னாடிதான் ஆடுது! நான் சொன்ன சக்கரம்தான்!"

"ஆடறதுக்கு இன்னாத்துக்குடி சந்தோஷம்?" என்றார் மாமியார், பழக்கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

ஐம்பதில் நெல் அடிக்கிற மெஷினுக்குள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பின்சீட்டில் பிரகாஷ் காதைச் சாய்த்துக் கேட்டான்.

"அண்ணி, பின்னாடி டக்கு டக்குனு இன்னாமோ கேக்குது."

"டக்கு இல்ல தம்பி. அது ஹார்மோனிக்ஸ்."

சொல்லும்போது என் குரலில் இருந்த கம்பீரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வியர்க்கிறது.

அப்போது ஆந்திரா லாரி ஒன்று பக்கத்தில் வந்து ஹாரனை அழுத்தியது. டிரைவர் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கையைச் சுழற்றிக் கத்தினார். "அம்மா! சக்ரம்! சக்ரம் ஊடிபோத்தோந்தி!" பெண் ஓட்டினால் எவனுக்கும் பொறுக்காது என்று நான் முறைத்தேன். மாமியாருக்குச் சின்ன வயதில் ஆந்திரா பக்கம் நடவுக்குப் போன பழக்கத்தில் தெலுங்கு நன்றாகத் தெரியும்.

"அடியே, திட்டலடி அவரு! சக்கரம் கயலுதாம்! நிறுத்து!"

கவரப்பேட்டை தாண்டுவதற்குள் ஓரம் கட்டினேன். இறங்கிப் பார்த்தால், இடதுபக்கப் பின்சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நான்கு நட்டில் இரண்டைக் காணோம். மீதி இரண்டும் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தன. இன்னும் ஒரு நிமிடம் ஓட்டியிருந்தால் நான்கு பேரும் நிச்சயதார்த்தத்துக்குப் பதில் ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்போம். ஆலையில் ஒரு நட்டு தளர்ந்திருந்தால் அந்த ஷிப்டையே நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறவள் நான்.

"ஸ்பேனர் எங்க?" என்று கேட்டார் டேனியல்.

"காம்பவுண்டு செவுத்துமேல."

அவர் போய்க் கிலோமீட்டர் கல்மேல் உட்கார்ந்தார். லாரிக்காரர் நிறுத்தி வந்து பார்த்தார். அவரிடம் இருந்த ஸ்பேனரில் என் தலையே நுழையும். சக்கரத்துக்குக் கல் வைத்துக் கொடுத்து, எங்களைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். சரியாக அப்போது ஜான்சியின் அப்பா போன் செய்தார். போனை மாமியார் பிடுங்கிக்கொண்டார்.

"சம்மந்தி, கவரப்பேட்டைல கீறோம். பெரிய மருமவ சக்கரத்த அவுத்துட்டா."

ஒரு கல்யாணப் பேச்சில் இப்படி ஒரு வாக்கியத்தை எந்தச் சம்மந்தியும் கேட்டிருக்கமாட்டார். எனக்கு ரோட்டோரப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துவிடலாம்போல் இருந்தது. பிரகாஷ் மட்டும் வாட்சையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அது இன்னும் வலித்தது.

இருபது நிமிடத்தில், காலிக் கேன்கள் கடகடக்க ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து நின்றது. கதவு திறந்தது. ரோஸ் பட்டு, தலை நிறைய மல்லிகை, கையில் ஸ்பேனர். டிரைவர் சீட்டிலிருந்து இறங்கியது கல்யாணப்பெண் ஜான்சி!

"நைனா பாஸ்டர புடிச்சி வச்சிக்கினு கீறாருக்கா. அவரு கிளம்பி வந்தார்னா பாஸ்டர் ஓடிடுவாரு. அதான் நானே வந்துட்டேன்."

"நா... நான் பண்றேங்க" என்றான் பிரகாஷ்.

"நீங்க ஜாக்கி போடுங்க, போதும்."

கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். தினமும் காலையில் தண்ணீர் லோடு எடுப்பவளாம். இது எங்களுக்கு அதுவரை தெரியாது. போல்ட்டில் மரை போயிருக்கிறதா என்று பார்க்கச் சக்கரத்தைக் கழற்றினாள். அதைத் திருப்பி உள்பக்கம் கைவிட்டுத் தடவியவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"எப்பலேந்து வண்டி ஆடுதுக்கா?"

ஆலையில் எந்த மோட்டார் ஆடினாலும் நான் கேட்கிற முதல் கேள்வி அதுதான். எப்பலேர்ந்து? மூன்று வாரம், மூன்று கலர் பேனா, ஒரு டம்ளர் தண்ணீர். அந்தக் கேள்வியை மட்டும் நான் என் காரிடம் கேட்கவேயில்லை. இப்போது யோசித்துப் பார்த்தேன். பெண் பார்த்துவிட்டு வருகையில் இவர்கள் தெருமுனையில், வயல் ஓரமாகச் சேற்றில் மாட்டி, நான்கு பேர் தள்ளி வெளியே வந்தோமே. அன்றைக்கு மறுநாளிலிருந்துதான்.

ஜான்சி ஸ்பேனர் முனையால் குத்தினாள். இட்லி இட்லியாகக் காய்ந்த களிமண் உதிர்ந்தது.

"எங்க தெரு மண்ணுதாங்க்கா. காஞ்சிச்சின்னா கல்லு. ஒரு பக்கமா இத்தினி கனம் இருந்தா ஆடாம இன்னா பண்ணும்?"

மாமியார் குனிந்து ஒரு கட்டியை எடுத்துப் பார்த்தார். "அப்போ பொண்ணு ஊட்டு மண்ண ஒரு மாசமா நாமதான் சொமந்துக்கினு சுத்துறமா?"

முதலில் சிரித்தது பிரகாஷ். ஜாக்கியை விட்டுவிட்டுச் சிரித்தான். அவன் சிரிப்பதைப் பார்த்து ஜான்சி சிரித்தாள். கிலோமீட்டர் கல்மேல் இருந்த டேனியலின் தோள்கள் குலுங்கின. கடைசியாக நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு.

மற்ற சக்கரங்களில் இரண்டிலிருந்து தலா ஒரு நட்டைக் கழற்றி இதில் மாட்டி இறுக்கினாள். ஆனாலும் என் காரில் ஏற மாமியார் சம்மதிக்கவில்லை. தட்டுகளோடு குட்டியானையில் ஜான்சி பக்கத்தில் ஏறிக்கொண்டார். பழக்கூடையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை பின்னால் கேன்களுக்கு நடுவே நின்றான். மாப்பிள்ளையைப் பெண்ணே வண்டி ஓட்டிக் கூட்டிவந்ததைப் பார்த்து அந்தத் தெருவே விசிலடித்தது. டேனியல் ஓட்ட, நான் பின்சீட்டில் உட்கார்ந்து முப்பதில் போய்ச் சேர்ந்தேன்.

பாஸ்டர் வாசலில் செருப்பைப் போட்டபடி நின்றிருந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மட்டும்தான் ஜான்சிக்கு நேரம் கிடைத்தது. கிரீஸ் போகவில்லை. அந்தக் கறுத்த விரலில்தான் பிரகாஷ் மோதிரம் போட்டான். அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் முதலில் விரலைப் பார்ப்பார்கள், பிறகு காரணம் கேட்பார்கள், பிறகு மாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

கார் இப்போது நூறிலும் ஆடுவதில்லை. கதைதான் ஒவ்வொரு தடவையும் வேகம் எடுக்கிறது. போன மாதம் ஜான்சியின் குழந்தைக்கு ஞானஸ்நானம். விருந்தில் மாமியார் சொன்ன கதையில், சக்கரம் கழன்று எங்களை ஓவர்டேக் செய்து, தச்சூர் கூட்டுரோட்டில் தானாகத் திரும்பி, எங்களுக்கு முன்னால் பெண்வீட்டு வாசலுக்குப் போய்விட்டது. மறுத்துச் சொல்லுவார் என்று ஜான்சியின் அப்பாவைப் பார்த்தேன்.

அவர் பிரியாணித் தட்டிலிருந்து நிமிராமலே தலையாட்டினார்.

"ஆமா, வந்துச்சே. நாங்கதான் உக்கார வச்சி நாஷ்டா குடுத்தோம்."